நினைத்தபோது நின்றுபோகும் கார்

பழைய கார்களைப் பற்றி வரும் கடிதங்களில், 'ஸ்டார்ட் ஆகவில்லை' என்ற குறையைவிட, 'ஓடிக்கொண்டிருக்கும்போது நின்றுவிடுகிறது, பிறகு தானாகவே சரியாகிவிடுகிறது' என்ற குறைதான் எழுதியவர்களை அதிகம் வாட்டியிருக்கிறது. ஸ்டார்ட் ஆகாத காரில் பழுது ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கும், தேடிப் பிடித்துவிடலாம். வந்து வந்து மறையும் பழுதோ, ஒர்க்‌ஷாப் வாசலைக் கண்டதும் ஒளிந்துகொள்ளும். அந்த வகைக் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டு இம்முறை பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என்னுடைய பெட்ரோல் காருக்கு இருபது வயதாகிறது, ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் உள்ள என்ஜின், கியர் நாமே மாற்றும் வகை. அரை மணி நேரம் ஓடிய பிறகு, சில நாட்களில் மட்டும், எந்த அறிகுறியும் காட்டாமல் என்ஜின் அணைந்துவிடுகிறது. உடனே சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, என்ஜின் பிடிப்பதில்லை. இருபது நிமிடம் காத்திருந்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுகிறது. இதைத் தவிர, ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது ஒரு கணம் திணறிவிட்டுத்தான் வேகமெடுக்கிறது. ஸ்பார்க் பிளக்குகள், பெட்ரோல் ஃபில்டர், பேட்டரி மூன்றையும் மாற்றியாகிவிட்டது. என்ஜின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் எந்தக் கோடும் (பழுதைச் சொல்லும் குறியீடு) வரவில்லை. அடுத்து எதை மாற்றுவது?

பதில்: இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பவை இரண்டு குறைகள். அவற்றுக்குக் காரணம் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இருபது வயதுக் காரில் இரண்டு பழுதுகள் ஒரே சமயத்தில் இருப்பது வியப்பும் அல்ல. எனவே அணைந்துபோவதைத் தனியாகவும் திணறலைத் தனியாகவும் பார்ப்போம்.

முதலில், என்ஜின் எப்படி அணைகிறது என்பதைக் கவனியுங்கள். விளக்கின் சுவிட்சை நிறுத்தியதுபோல் ஒரே நொடியில் அணைந்தால் மின்சாரப் பக்கத்தையும், இரண்டு மூன்று முறை குலுங்கி, இழுவை குறைந்து, தள்ளாடி அணைந்தால் பெட்ரோல் பக்கத்தையும் முதலில் சந்தேகிக்க வேண்டும். இது மாறாத விதி அல்ல. ஆனால் தேடலை எங்கே தொடங்குவது என்பதைக் காட்டும். உங்கள் கடிதத்தில் 'எந்த அறிகுறியும் காட்டாமல்' என்று எழுதியிருப்பதும், சூடேறிய பிறகே நிகழ்கிறது என்பதும், ஆறினால் சரியாகிறது என்பதும் சேர்ந்து, பிஸ்டன்கள் சுழற்றும் முக்கியத் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் சென்சாரை நோக்கிக் கை காட்டுகின்றன.

இந்த சென்சாரின் வேலை, கிராங்க் ஷாஃப்ட் எந்த நிலையில், எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்பதை என்ஜினின் கணினிக்குச் சொல்வது. அந்தத் தகவல் வராவிட்டால், எப்போது தீப்பொறி கொடுப்பது, எப்போது பெட்ரோலைத் தெளிப்பது என்று கணினிக்குத் தெரியாது. பெரும்பாலான கார்களில் அது இரண்டையுமே நிறுத்திவிடும். பழைய வகை சென்சார்களில் ஒரு காந்தத்தைச் சுற்றி மயிரிழை போன்ற செம்புக் கம்பி சுற்றப்பட்டிருக்கும். ஆண்டுக்கணக்கில் சூடேறி ஆறியதில் அந்தக் கம்பியில் நுண்ணிய முறிவு ஏற்பட்டால், சூட்டில் விரியும்போது முறிவு திறக்கும். ஆறும்போது முனைகள் மீண்டும் தொட்டுக்கொள்ளும். நீங்கள் சாலையோரம் காத்திருக்கும் இருபது நிமிடங்களில் நடப்பது இதுவாக இருக்கலாம்.

கோடு ஏன் வரவில்லை என்ற கேள்விக்கும் இங்கேயே விடை இருக்கிறது. சென்சாரிலிருந்து தகவல் முற்றிலும் நின்றுபோனால், என்ஜினை நீங்களே நிறுத்திவிட்டதாகப் பல கணினிகள் எடுத்துக்கொள்கின்றன. பழுது என்று பதிவு செய்வதில்லை. ஆகவே ஸ்கேனரில் கோடு இல்லை என்பதற்காக சென்சாரை நல்லது என்று முடிவு செய்துவிடக் கூடாது.

இதைச் சோதிக்க நீங்களே செய்யக்கூடியது ஒன்று உண்டு. அணைந்த பிறகு ஸ்டார்ட்டரைச் சுற்றும்போது, என்ஜின் வேகம் காட்டும் முள்ளைப் பாருங்கள். நல்ல நிலையில் அது சற்றாவது எழும்பி, நிமிடத்துக்கு 200 சுற்றுகளையொட்டி ஆடும்; அசையாமல் பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தால் சந்தேகம் வலுக்கிறது. சில கார்களில் ஸ்டார்ட்டர் சுற்றும்போது முள் எழும்பாமல் இருப்பதே வழக்கம் என்பதால், காலையில் நன்றாக ஸ்டார்ட் ஆகும்போது உங்கள் காரில் முள் என்ன செய்கிறது என்று முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேனர் கையில் இருந்தால், அதில் என்ஜின் வேகத்தைப் பார்ப்பது இன்னும் நம்பகமானது. கம்பிச்சுற்று வகை சென்சாராக இருந்தால், மெக்கானிக் அதன் மின்தடையைக் குளிர்ந்த நிலையிலும் அணைந்த உடனேயும் மல்டிமீட்டரில் அளந்து பார்க்கட்டும். குளிரில் சரியான அளவும் சூட்டில் முடிவிலியும் காட்டினால் வேறு சாட்சி தேவையில்லை. காந்தப் புலத்தைச் சிறு மின்னணுச் சில்லால் உணரும் ஹால் வகை சென்சாருக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அதற்கு மின்சாரம் வருகிறதா, சிக்னல் போகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

ஆனாலும் இதே நாடகத்தை நடத்தக்கூடிய வேறு சிலவும் இருப்பதால், சென்சாரை உடனே வாங்கிவிடாதீர்கள். தீப்பொறிக்கான உயர் வோல்ட்டேஜைத் தரும் இக்னிஷன் காயில் சூட்டில் சோர்ந்துபோகும். என்ஜின் கணினிக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் மெயின் ரிலேயின் உள்ளே இருக்கும் ஈயப் பற்றில் (சால்டர்) வளையம்போல் விரிசல் விழுந்து, காருக்குள் வெப்பம் ஏறும்போது தொடர்பு அறும். பெட்ரோல் பம்பின் மோட்டாரில் பிரஷ் தேய்ந்துபோனால், அது சூட்டில் சிக்கிக்கொண்டு ஆறியதும் சுற்றத் தொடங்கும். நின்றுபோன நிலையில் டேங்க்கின் அடிப்பகுதியைக் கையால் தட்டியதும் கார் ஸ்டார்ட் ஆனால், பம்ப் தன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொண்டது என்று பொருள்.

இவற்றுள் எது என்று பிரித்தறியக்கூடிய காலம், கார் நின்றுகிடக்கும் அந்த இருபது நிமிடங்கள்தாம். பெரும்பாலானோர் அந்த நேரத்தை பானெட்டைத் திறந்து வைத்துப் பெருமூச்சு விடுவதில் செலவழித்துவிடுகிறோம். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும் பின்பக்கம் டேங்க்கிலிருந்து ஏறத்தாழ இரண்டு நொடி 'விர்ர்' என்ற ஒலி பல கார்களில் கேட்கும். அது வழக்கமாகக் கேட்கும் காரில் இப்போது கேட்கவில்லை என்றால் பம்ப், அதன் ரிலே, அதன் ஃபியூஸ் ஆகியவற்றின் பக்கம் போகலாம். தீப்பொறி வருகிறதா என்பதை அதற்கென்று விற்கும் டெஸ்டரால் மட்டுமே பாருங்கள். ஒயரைக் கையில் பிடித்துப் பார்க்கும் பழைய வீரம் வேண்டாம், அதில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் இருக்கக்கூடும். தீப்பொறி இருந்து பெட்ரோல் இல்லை; பெட்ரோல் இருந்து தீப்பொறி இல்லை; இரண்டுமே இல்லை. இந்த மூன்றில் எது என்று தெரிந்தாலே தேடல் பெருமளவு சுருங்கிவிடும். இரண்டும் சேர்ந்து போயிருந்தால், அவ்விரண்டுக்கும் பொதுவான கிராங்க் சென்சார், மெயின் ரிலே, சாவி போடும் இக்னிஷன் சுவிட்ச், எர்த் ஒயர் ஆகிய நான்கையும்தான் பார்க்க வேண்டும்.

எர்த் ஒயரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதை யாரும் மதிப்பதில்லை. என்ஜினையும் பாடியையும் பேட்டரியின் நெகட்டிவ் முனையையும் இணைக்கும் பட்டைகள் துருப்பிடித்துத் தளர்ந்தால், குறை இன்று ஒரு வடிவிலும் நாளை வேறு வடிவிலும் வரும். கண்ணால் பார்த்துத் திருப்தி அடைய முடியாது. என்ஜின் ஓடும்போது, விளக்குகளையும் மற்ற மின்கருவிகளையும் போட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் என்ஜின் உலோகத்துக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 0.1 வோல்ட்டையொட்டிக் காட்டினால் கவலையில்லை. அரை வோல்ட் காட்டினால் அந்த இணைப்பைக் கழற்றிச் சுரண்டி மாட்ட வேண்டும். நீங்கள் மாற்றிய பேட்டரிக்கு இந்தக் குறையில் பங்கு இருந்திருக்க வாய்ப்புக் குறைவு. ஓடும் என்ஜினுக்கு மின்சாரம் தருவது ஆல்டர்னேட்டர். பேட்டரி முனைகளுக்கிடையே ஏறத்தாழ 13.5 முதல் 14.7 வோல்ட் வரை இருந்தால் அது தன் வேலையைச் செய்கிறது.

இனி திணறல். இதற்கு ஸ்கேனரில் கோடுகளைவிட ஃபியூயல் டிரிம் என்ற எண்கள் உதவும். எக்ஸாஸ்ட்டில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு, கணினி தன் கணக்கைவிட எத்தனை சதவீதம் கூடுதலாகவோ குறைவாகவோ பெட்ரோல் கொடுக்கிறது என்பதை அவை காட்டும். குறுகிய கால, நீண்ட கால டிரிம்களின் கூட்டுத்தொகை பத்து சதவீதத்துக்குள், கூட்டலிலோ கழித்தலிலோ இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. ஐட்லிங்கில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) கூட்டல் இருபது காட்டிவிட்டு, 2500 சுற்றுகளுக்கு உயர்த்தியதும் எண் இறங்கினால், எங்கோ ஒரு வேக்கும் (வெற்றிட) குழாய் வெடித்துக் கணக்கில் வராத காற்று நுழைகிறது. ஐட்லிங்கில் சாதாரணமாக இருந்து, பாரம் ஏற ஏற எண்ணும் ஏறினால், பெட்ரோல் போதுமான அழுத்தத்தில் வரவில்லை, அல்லது காற்றளவு சென்சாரில் அழுக்குப் படிந்து அது குறைத்துச் சொல்கிறது. பெட்ரோல் அழுத்தத்தை கேஜ் மாட்டித்தான் அளக்க வேண்டும்; காற்று உள்ளே போகும் குழாயான மேனிஃபோல்டில் தெளிக்கும் வகை இன்ஜெக்‌ஷனில் அது பெரும்பாலும் 3 பார் அளவையொட்டி இருக்கும். உங்கள் காருக்கான சரியான எண் சர்வீஸ் மேனுவலில் உண்டு. டிரிம் எல்லாம் ஒழுங்காக இருந்து, பெடலின் குறிப்பிட்ட ஓரிடத்தில் மட்டும் திணறினால், என்ஜினுக்குள் காற்றை விடும் கதவான த்ராட்டிலின் சென்சாரில் உள்ள தடம் அந்த இடத்தில் தேய்ந்திருக்கலாம். பெடலை மெல்ல மெல்ல அழுத்தும்போது அதன் வோல்ட்டேஜ் ஏறத்தாழ 0.5 இலிருந்து 4.5 வரை தடங்கலின்றி ஏற வேண்டும். நடுவில் ஒரு துள்ளலோ பள்ளமோ தெரிந்தால் அதுவே பழுது.

கடைசியாக, காரில் ஒரு சிறு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். நின்ற நாள், ஓடிய நேரம், டேங்க்கில் இருந்த பெட்ரோல் அளவு, மழையா வெயிலா, ஏசி ஓடியதா, மேடா சமதளமா, முள் என்ன செய்தது, எத்தனை நிமிடத்தில் சரியானது என்று எழுதுங்கள். 'சில நாட்களில் மட்டும்' என்று நீங்கள் எழுதியிருக்கும் அந்த நாட்களுக்குள் ஏதோ ஓர் ஒற்றுமை இருக்கிறது. டேங்க் கால்வாசிக்குக் கீழே இறங்கிய நாட்களாக இருந்தால் என் பதிலின் பாதியைத் தள்ளிவிட்டு நேராகப் பம்புக்குப் போய்விடலாம், ஏனெனில் டேங்க்குக்குள் இருக்கும் பம்ப் பெட்ரோலில் மூழ்கியிருப்பதால்தான் குளிர்ச்சி பெறுகிறது.

கேள்வி: கோடு வந்தும் என் கார் சரியாகவில்லை. பி0171 என்று ஸ்கேனர் காட்டியதால் ஆக்சிஜன் சென்சாரை மாற்றினேன்; ஒரு வாரத்தில் அதே கோடு திரும்பி வந்தது. புதிய சென்சாரும் பழுதா?

பதில்: இல்லை. அந்தக் கோடு, கலவையில் பெட்ரோல் குறைவாக இருக்கிறது என்று மட்டுமே சொல்கிறது. அதைக் கண்டு சொன்னது உங்கள் பழைய ஆக்சிஜன் சென்சார். செய்தி சொன்னவரை வேலையைவிட்டு நீக்கிவிட்டீர்கள். முந்தைய பதிலில் எழுதிய ஃபியூயல் டிரிம் சோதனையைச் செய்து, காற்று அதிகமாக நுழைகிறதா, பெட்ரோல் குறைவாக வருகிறதா என்று பாருங்கள். கோடு பதிவான நொடியில் என்ஜினின் வேகம், வெப்பம், பாரம் என்னவாக இருந்தன என்பதைக் கணினி சேர்த்து வைத்திருக்கும். அதை அழிப்பதற்கு முன் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது கார்பரேட்டர் உள்ள மிகப் பழைய கார். நின்ற இடத்திலிருந்து புறப்படும்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்தால், 'கப்' என்று அடங்கி, பிறகுதான் இழுக்கிறது. சில நேரம் அணைந்தே போகிறது. கார்பரேட்டரை இரண்டு முறை கழற்றிக் கழுவிவிட்டோம்.

பதில்: மூன்றாம் முறை கழற்றுவதற்கு முன், ஏர் ஃபில்டரை மட்டும் எடுத்துவிட்டு, என்ஜின் ஓடாத நிலையில், கார்பரேட்டரின் வாய்க்குள் பார்த்தபடி த்ராட்டிலைக் கையால் திறந்து பாருங்கள். திறந்த அதே கணத்தில் மெல்லிய பெட்ரோல் தாரை ஒன்று பீய்ச்ச வேண்டும். த்ராட்டில் சட்டென்று திறக்கும்போது காற்று உடனே பாய்ந்துவிடும். கனமான பெட்ரோல் பின்தங்கிவிடும். அந்த ஒரு கண இடைவெளியை நிரப்புவதற்காகவே ஆக்ஸிலரேட்டர் பம்ப் என்ற சிறு பம்ப் கார்பரேட்டரில் இருக்கிறது. தாரை வரவில்லை, அல்லது தாமதித்து வழிகிறது என்றால், அதன் டயஃப்ரம் என்ற ரப்பர் சவ்வு கிழிந்திருக்கும், அல்லது உள்ளே உள்ள சிறு குண்டு வால்வு ஒட்டிக்கொண்டிருக்கும். எத்தனை முறை கழுவினாலும் கிழிந்த டயஃப்ரம் ஒட்டாது. எத்தனால் கலந்த பெட்ரோல், அதற்கென்று வடிவமைக்கப்படாத பழைய ரப்பர் பாகங்களை உப்பவோ விறைக்கவோ செய்யும் என்பதால், மாற்றும்போது எத்தனால் தாங்கும் பாகங்களாகக் கேட்டு வாங்குங்கள்.

தாரை நன்றாக இருந்தால், கார்பரேட்டரை விட்டுவிட்டு, பிளக்குகளுக்குத் தீப்பொறி மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போங்கள். கார்பரேட்டர் குறை என்று சொல்லப்படுபவற்றில் பல, அதன் பக்கத்து வீட்டுக் குறைகள் என்பது என் நெடுநாள் எண்ணம். தீப்பொறி நேரத்தை முன்தள்ளும் வேக்கும் அட்வான்ஸின் குழாயை கார்பரேட்டர் பக்கம் கழற்றி வாயால் உறிஞ்சினால், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் தட்டு நகர வேண்டும். உறிஞ்சிய இழுப்பு நிற்கவும் வேண்டும். காற்று தடையின்றி வந்துகொண்டே இருந்தால் டயஃப்ரம் ஓட்டை. திணறல், ஓட்டை வழியே நுழையும் காற்று ஆகிய இரண்டுக்கும் அந்த ஒரே ஓட்டை காரணமாகிவிடும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மின்சுற்றைத் திறந்து மூடும் பாயிண்ட்டின் இடைவெளி பல என்ஜின்களில் 0.4 மில்லிமீட்டரையொட்டி இருக்கும். பாயிண்ட்டின் முகத்தில் ஒரு பக்கம் மேடும் எதிர்ப்பக்கம் குழியுமாக விரைவில் உருவானால், பாயிண்ட்டில் பொறி தெறிப்பதைக் குறைக்கும் கண்டென்சரைச் சந்தேகிக்கலாம். டிஸ்ட்ரிபியூட்டரின் ஷாஃப்ட்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்ப்பதையும் மறக்க வேண்டாம். அது ஆடினால் நீங்கள் வைக்கும் இடைவெளி எதுவும் நிலைக்காது.

கேள்வி: வேகமாகப் போகும்போது எந்தக் குறையும் இல்லை. வேகம் குறைத்து நிறுத்தப் போகும்போது மட்டும் என்ஜின் அணைகிறது. உடனே ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. ஏசி போட்டால் அதிகம்.

பதில்: உடனே ஸ்டார்ட் ஆவது நல்ல அறிகுறி. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகு, என்ஜின் அணையாமல் இருக்கத் தேவையான சிறிதளவு காற்று கிடைக்காமல் போவதே இதற்குப் பெரும்பாலும் காரணம். த்ராட்டில் தட்டின் விளிம்பில் கரி படிந்து அந்த இடுக்கு அடைபட்டிருக்கும். அல்லது ஐட்லிங் காற்றைக் கட்டுப்படுத்தும் வால்வு கரியில் ஒட்டி மெதுவாக நகரும். ஏசி கம்ப்ரஸரின் சுமையும் சேரும்போது அதனால் ஈடுகொடுக்க முடிவதில்லை. த்ராட்டில் கிளீனரும் துணியும் கொண்டு சுத்தம் செய்தாலே பல கார்கள் சரியாகிவிடும். கணினியே த்ராட்டிலை இயக்கும் கார்களில் தட்டைக் கையால் வலிந்து தள்ளாதீர்கள்; சுத்தம் செய்த பின் ஐட்லிங் அளவைக் கணினி மறுபடி கற்றுக்கொள்ளும் முறையையும் செய்ய வேண்டியிருக்கும்.

சுத்தம் செய்தும் தீரவில்லை என்றால், எக்ஸாஸ்ட் புகையின் ஒரு பகுதியை மீண்டும் என்ஜினுக்குள் அனுப்பும் ஈஜிஆர் வால்வு மூடாமல் திறந்தபடி நிற்கிறதா என்று பாருங்கள். ஆட்டோமேட்டிக் கியர் உள்ள காராக இருந்தால் இன்னொரு வாய்ப்பும் உண்டு: என்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வர்ட்டரில், இரண்டையும் நேரடியாகப் பூட்டும் லாக்கப் கிளட்ச் விடுபடாவிட்டால், கிளட்ச்சை மிதிக்காமல் பிரேக் போட்ட கார்போல் என்ஜின் உதறி அணையும். நிற்பதற்குச் சற்று முன் நியூட்ரலுக்கு மாற்றிப் பார்த்து, அப்போது அணையவில்லை என்றால் சந்தேகம் அந்தப் பக்கம் போக வேண்டும்.

கேள்வி: நீண்ட தூரம் ஓடினால் இழுவை குறைந்து நின்றுவிடுகிறது. பெட்ரோல் மூடியைத் திறந்து மூடினால் மறுபடி ஓடுகிறது. இது மூடநம்பிக்கையா?

பதில்: மூடநம்பிக்கை அல்ல, நல்ல சோதனை. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். மூடியிலோ டேங்க்கின் காற்றுக் குழாயிலோ அடைப்பு இருந்தால் உள்ளே வெற்றிடம் உருவாகி, பம்ப் இழுக்க முடியாமல் தவிக்கும். திறக்கும்போது காற்று உள்ளே இழுக்கப்படும் 'உஸ்' ஒலி பலமாகக் கேட்டால் உறுதி. சில கார்களில் லேசான ஒலி இயல்பானதே.

கேள்வி: சமதளத்தில் சுமாராக ஓடும் என் கார், மேட்டில் மூச்சு வாங்குகிறது, மிதிக்க மிதிக்க வேகம் குறைகிறது. பம்பையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டேன், அழுத்தமும் சரியாக இருக்கிறது.

பதில்: உள்ளே போவதை எல்லாம் பார்த்துவிட்டீர்கள், வெளியே போக வழி இருக்கிறதா என்று பாருங்கள். எக்ஸாஸ்ட்டில் உள்ள கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் உள்ளே உருகியோ உடைந்தோ அடைத்துக்கொண்டால் புகை வெளியேற முடியாமல் என்ஜின் திணறும். முன்பக்க ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் கேஜ் மாட்டி அளக்கலாம். 2500 சுற்றுகளில் ஒரு சதுர அங்குலத்துக்கு மூன்று பவுண்டுக்கு மேல் அழுத்தம் காட்டினால் அடைப்பு இருக்கிறது. கன்வர்ட்டரை மாற்றுவதோடு நிறுத்தினால் புதியதும் உருகும். எரியாத பெட்ரோல் அதற்குள் போய் எரிந்ததால்தான் பழையது உருகியிருக்கும்; எனவே எந்த சிலிண்டர் மிஸ்ஸிங் அடிக்கிறது (சரியாக எரியாமல் விடுகிறது) என்று கண்டுபிடித்து அதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழுதைக் கண்டுபிடிக்கும்வரை காரை ஓட்டியாக வேண்டியிருக்கிறது. வேகத்தில் போகும்போது அணைந்தால் என்ன செய்வது?

பதில்: இயன்றவரை வேகச் சாலைகளில் ஓட்டாதீர்கள். அப்படியும் அணைந்துவிட்டால், ஸ்டியரிங் கனத்துப்போகும், ஆனால் திரும்பும்; இரண்டு கைகளாலும் பலமாகத் திருப்புங்கள். பிரேக் மிதிப்பதை எளிதாக்கும் பூஸ்டரில் சேமித்திருக்கும் வேக்கும் ஓரிரு முறை மிதிப்பதற்குப் போதும். ஆகவே விட்டு விட்டு மிதிக்காமல், ஒரே சீராக மிதித்துப் பிடித்தபடி சாலையோரம் ஒதுங்குங்கள். எச்சரிக்கை விளக்குகளை முதலிலேயே போட்டுவிடுங்கள். கார் நகர்ந்துகொண்டிருக்கும்போது சாவியை எக்காரணம் கொண்டும் வெளியே எடுக்கக் கூடாது, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். இடம் கிடைக்காமல் நடுவழியில் இருந்தால் நியூட்ரலுக்கு மாற்றி ஒரு முறை ஸ்டார்ட் செய்து பார்க்கலாம். நின்ற பிறகு பெட்ரோல் வாசனை வருகிறதென்றால் மறுபடி முயலாமல், எல்லோரும் இறங்கிக் காரைவிட்டு விலகி நில்லுங்கள். அந்த நிலையில் காரை இழுத்துக்கொண்டு போவதைத் தவிர வேறு வழியைத் தேட வேண்டாம்.